காங்கேசன்துறை: ஒரு துறை ஓய்வூர் ஆவது எப்படி?

கனடாவிலிருந்து லீவில் வந்த என் மச்சான், கீரிமலைக் கேணிப் படியில் கால் நனைத்தபடி கேட்டான்: "இவ்வளவு வடிவான கடல் இருக்கு. ஏன் ஒருத்தரும் இந்தப் பக்கத்தை ஒரு நல்ல ரிசோர்ட் ரவுணா ஆக்கேல்லை?"

பக்கத்தில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, கடல் எங்கயும்தான் கிடக்கு. முதல்ல படியைப் பாத்து இறங்கும். பாசி, வழுக்கும்."

அவர் சொன்னதில் முதல் வசனம்தான் இந்தக் கட்டுரை. இலங்கையைச் சுற்றி 1,300 கிலோமீற்றருக்கு மேல் கரை கிடக்கிறது. அதில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஊர்களே ஓய்வூர்களாக மாறின. மற்றவை மீன் பிடித்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் இருக்கின்றன. அப்படியென்றால் கடல் மட்டும் போதாது. வேறென்ன வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள காங்கேசன்துறையையும் அதற்கு மேற்கே இரண்டொரு மைலில் இருக்கும் கீரிமலையையும் வைத்துப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த கரை அது. வடக்கில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடமும் இல்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஓய்வூர் என்றால், வெளியூர்க்காரரின் ஓய்வில் தன் சோற்றைத் தேடும் ஊர். மீன்பிடி ஊருக்குக் கடல் வயல். துறைமுக ஊருக்குக் கடல் தெரு. ஓய்வூருக்குக் கடல் பார்க்கவும் குளிக்கவும் உரிய பண்டம். ஒரே கடல்தான், அதிலிருந்து காசு வரும் வழிதான் வேறு. அந்த வழி திறக்க மூன்று சாமான் வேண்டும்: வர ஒரு காரணம், வர ஒரு பாதை, வந்தால் தலைசாய்க்க ஓர் இடம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊர் சுற்றுலாத் தலமாகப் பெயர் எடுக்குமே தவிர, ஓய்வூர் ஆகாது. காலையில் வந்து படமெடுத்து மாலையில் போகிறவன் ஒரு தேத்தண்ணிக் காசைத்தான் விட்டுப் போவான்.

கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போவது என்ற பழக்கமே அவ்வளவு பழசில்லை. ஐரோப்பாவில் நெடுங்காலம் கடல் என்றால் புயல், கொள்ளைக்காரர், நாறிய மீன். வசதியுள்ளவர்கள் கரைக்கு முதுகைக் காட்டித்தான் வீடு கட்டினார்கள். அது மாறியது வைத்தியத்தால். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கார்பரோ என்றொரு ஊர். 1626 அளவில் அங்கே ஒரு பெண்மணி கடலோரச் செங்குத்துப் பாறையின் அடியில் ஊற்று நீர் கசிவதைக் கண்டார். தாதுச் சுவையுள்ள தண்ணீர். குடித்தால் நோய் தீரும் என்று பேச்சுப் பரவ, ஆட்கள் வந்தார்கள். ஊற்றுக்கு வந்தவர்கள் பக்கத்திலேயே கிடந்த கடலிலும் இறங்கத் தொடங்கினார்கள். 1750இல் ரிச்சர்ட் ரசல் என்ற வைத்தியர் கடல்நீரின் மருத்துவப் பயன்பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிக்க மட்டுமல்ல, கடல்நீரைக் குடிக்கவும் சொன்னார் அந்த மனிதர். பிரைட்டன் என்று இப்போது அறியப்படும் மீன்பிடி ஊரில் அவர் போய்க் குடியேற, நோயாளிகள் பின்னால் போனார்கள். 1783இல் இளவரசர் ஒருவரும் அங்கே கால்வைத்தார். பிறகு நான்காம் ஜோர்ஜ் மன்னர் ஆனவர் அவர்தான். இளவரசர் போன இடத்துக்குப் பிரபுக்கள் போகாமல் இருப்பார்களா?

ஆனாலும் அதுவரை அது பணக்காரரின் கரைதான். 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில், எங்கள் வாயில் கோச்சி, ஓடத் தொடங்கியபின் கடைச் சிப்பந்தியும் தையற்காரியும் ஒருநாள் பயணமாகப் போய்வர முடிந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம், 1938இல் சம்பளத்தோடு விடுமுறை பற்றிய சட்டம். லீவு என்ற ஒன்று சட்டப்படி கிடைத்ததும் கரையூர்கள் நிரம்பி வழிந்தன. வைத்தியர் காரணத்தைத் தந்தார், கோச்சி பாதையைத் தந்தது, சட்டம் நேரத்தைத் தந்தது. அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரிகள் தலைசாய்க்க இடம் தந்தார்கள்.

ஸ்கார்பரோவை மறக்க வேண்டாம். கடலோரம் ஓர் ஊற்று, நோய் தீருமென்ற நம்பிக்கை, குளிக்க வரும் கூட்டம். யாழ்ப்பாணத்தானுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே அதே கதைக்கு இரண்டு பாடம் இருக்கிறது.

ஒன்று நகுல முனிவர் கதை. கீரி முகத்தோடு இருந்த முனிவர் இந்தத் தீர்த்தத்தில் நீராடித் தவமிருக்க, முகம் மாறியது என்பார்கள். அதனால் கீரிமலை, அதனால் நகுலேஸ்வரம். மற்றது மாருதப்புரவீகவல்லி. குதிரை முகமும் தீராத வயிற்று நோயுமாகச் சோழ நாட்டிலிருந்து வந்த அரசகுமாரி. அவளுக்கும் இந்தத் தண்ணீர்தான் மருந்து. முகம் மாறிய இடம் மாவிட்டபுரம். மா என்றால் குதிரை, அந்த மா முகம் விட்ட ஊர். நன்றிக்கு அவள் முருகனுக்கு அங்கே கோயில் எடுத்தாள். அந்தக் கோயிலுக்கான காங்கேயன் சிலை கப்பலில் வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை ஆனது. அதற்கு முன் அதன் பெயர் கசாத்துறை. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஊர்ப் பெயர்கள் மூன்றும் ஒரு குளியலில் கோத்துக் கிடக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம். நோய் தீரக் கடலோரம் தேடி வந்த வெளியூர்க்காரி, வந்த துறை, கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கட்டடம். ஓய்வூர் வரலாற்றின் முதல் அத்தியாயம் எங்களுக்கும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது, இளவரசருக்குப் பதில் அரசகுமாரி.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

கேணியைப் பார்த்திராதவர்களுக்கு: கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அலை அடித்துச் சுவரில் நுரை ஏறும். இந்தப் பக்கம் பச்சை நிறத்தில் தெளிந்த தண்ணீர், அடியில் கல் தெரியும். பெடியள் சுவரில் ஏறி நின்று கேணிக்குள் குதிப்பார்கள். ஒரு கையில் கடலையும் மறு கையில் கேணியையும் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். ஒன்று உப்பு, மற்றது நல்ல தண்ணீர், கொஞ்சம் சவர் தட்டும். பெண்களுக்கு மறைப்போடு தனிக் கேணி. உச்சி வெயிலில் இறங்கினாலும் முதல் முழுக்கில் மூச்சு ஒருதரம் நிற்கும், அவ்வளவு குளிர்.

இந்த அதிசயத்தின் வேலை சுண்ணக்கல்லில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. ஆறில்லாத மண். வழுக்கையாறு ஒன்றை ஆறு என்று சொல்லிக்கொள்கிறோம், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழை நிலத்தில் நிற்காமல் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. நல்ல தண்ணீர் கடல்நீரைவிடப் பாரம் குறைவு. ஆகவே அது உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். நடுவில் தடிப்பு, கரையை நோக்கி மெலிவு. மேலே மழை சேரச் சேர அந்த வில்லை ஓரங்களால் கடலுக்குள் கசியும். கல்லில் வெடிப்பு வாய்த்த இடத்தில் அது ஊற்றாகப் பீறும். கீரிமலை அப்படிப்பட்ட ஒரு வாய். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு அதே சுண்ணக்கல்லின் இன்னொரு வாய், ஊருக்குள்ளே திறந்தது.

இதில் ஒரு கணக்கு உண்டு, பின்னால் தேவைப்படும். நிலத்தடி நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோசம். திருப்பிப் பாருங்கள்: பம்ப் பூட்டி இறைத்து மேல்மட்டத்தை 1 மீற்றர் இறக்கினால், அடியில் உப்பு காலப்போக்கில் 40 மீற்றர் ஏறி வரும்.

காரணம் இருந்தது. பாதை? கோயிலுக்கு வண்டில் பாதை எப்போதும் இருந்தது. துறைக்கு இந்தியக் கரையிலிருந்து தோணியும் கப்பலும் வந்தன. ஆனால் கரையூர் வரலாற்றில் பாதை என்றால் கோச்சிதான். 1902 மார்ச் 11இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. கொழும்போடு முழுதாக இணைந்தது 1905 ஆகஸ்டில். வடக்குப் பாதையின் கடைசித் தரிப்பு யாழ்ப்பாண நகரம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். கோச்சி அங்கே இளைப்பாறிவிட்டு, கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை என்று ஓடிக் கடலைக் கண்டபிறகுதான் நிற்கும். 1956 ஏப்ரலில் யாழ்தேவி என்ற கடுகதிக் கோச்சி வந்தது. விமானம்கூட வந்தது: 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதலாவது பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. அட்டவணையில் காங்கேசன்துறை என்று போட்டாலும் இறங்கியது பக்கத்துப் பலாலியில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட ஓடுபாதையில். 1893இல் கட்டிய வெளிச்சவீடு, துறைமுகம், கோச்சி, விமானம். ஒரு சின்ன ஊருக்கு இதைவிட எத்தனை பாதை வேண்டும்?

ஆக, மூன்றில் இரண்டு கையில். மூன்றாவதில்தான் விசயம் இருக்கிறது. தலைசாய்க்க என்ன இருந்தது என்று பார்த்தால், காங்கேசன்துறையில் ஒரு வாடிவீடு. வாடிவீடு என்பது பிரயாணம் போகும் அரசாங்க உத்தியோகத்தர் இராத் தங்கக் கட்டியது. நாலைந்து அறை, நீண்ட விறாந்தை, முன்னால் சாய்மனைக் கதிரை. கீரிமலையில் மடங்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்கு நிழலும் அடுப்பும். அவ்வளவுதான்.

ஏன் ஹோட்டல் வரவில்லை? என் விளக்கம் இது: யாழ்ப்பாணத்தில் ஹோட்டலுக்குப் போட்டி மாமி வீடு. அந்தக் கோச்சியில் வந்து இறங்கியவர்கள் யார்? கொழும்பில் கிளறிக்கல் வேலை, அநுராதபுரத்தில் தபால் கந்தோர், கண்டியில் வாத்தியார் உத்தியோகம் என்று போன எங்கள் ஆட்களே. சித்திரை லீவு, நல்லூர்த் திருவிழா, ஆடி அமாவாசை என்று ஊருக்கு வந்தார்கள். வந்தவனுக்குச் சொந்த வீடு இருந்தது. இல்லாவிட்டால் பெண்சாதி வீடு. ஹோட்டலில் அறை எடுத்தான் என்று ஊருக்குத் தெரிந்தால் மாமி ஆயுளுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டா. விருந்தாளியும் வீட்டுக்காரனும் ஒரே குடும்பமாய் இருந்த கரை இது. இங்கிலாந்தில் அறை வாடகைக்கு விட்டவள் காசு வாங்கினாள். இங்கே கட்டிக் கொடுத்த ஒடியல் மாவுக்கும் பனாட்டுக்கும் பற்றுச்சீட்டு இல்லை.

போன நோக்கமும் வேறு. ஆடி அமாவாசையன்று விடியற்காலையில் கீரிமலை வழியெல்லாம் சனம். தகப்பனை இழந்தவர்கள் கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, கேணியில் உப்புப் போகக் குளித்து, கோயிலைக் கும்பிட்டு, வீட்டுக்குப் போய்க் காத்தோட்டிக்காயோடு விரதச் சோறு சாப்பிடுவார்கள். சுற்றுலாத் தொழிலுக்கு அரசாங்கம் நீண்டகாலம் வைத்திருந்த தமிழ்ப் பெயர் உல்லாசப் பயணத்துறை. அப்பருக்குத் தர்ப்பணம் செய்ய வந்தவனை உல்லாசப் பயணி என்று எந்தப் படிவத்தில் பதிவது?

இப்போது பாடப்புத்தகப் பக்கம் ஒருதரம் போய்வரலாம். 1980இல் ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் சுற்றுலாத் தலங்களுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு என்று எழுதினார். முதலில் சில தேடிகள் தாமாகக் கண்டுபிடித்து வருவார்கள். பிறகு உள்ளூர் ஆட்கள் அறை கொடுப்பது, சாப்பாடு போடுவது என்று கையை வைப்பார்கள். மூன்றாவதாகப் பெருமுதல் வரும், விளம்பரம் வரும், கட்டுப்பாடு உள்ளூர் கையிலிருந்து நழுவும். வளர்ச்சி மெல்லத் திரளும், பிறகு தேங்கும். தேங்கிய இடத்தில் இரண்டு வழி: சரிவது, அல்லது புது வேசம் கட்டி மீள்வது. கோடு போட்டால் நீட்டி இழுத்த ஆங்கில எஸ் எழுத்துப்போல வரும். பிரித்தானியக் கரையூர்கள் இந்தக் கோட்டில் அப்படியே நடந்தன. மலிவு விமானம் ஸ்பெயின் வெயிலைக் கையெட்டும் விலைக்குக் கொண்டுவர, 1970களில் அங்கே பல ஊர்களின் விடுதிகள் வெறுமையாகின. இலங்கையின் தென்மேற்குக் கரையும் இந்தக் கோட்டில்தான் ஏறியது. 1966இல் சுற்றுலாச் சபைச் சட்டம் வந்தது, 1960களின் முடிவில் பெந்தோட்டையில் திட்டமிட்டே ஓய்வூர் ஒன்று எழுந்தது. 1982இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 4 இலட்சத்தைத் தாண்டினார்கள். அடுத்த வருசம் 1983, கலவரமும் போரும் தொடங்கிய வருசம். அதற்குப் பிறகு எந்தக் கோடும் நேராக ஏறவில்லை.

காங்கேசன்துறை இந்தக் கோட்டில் எங்கே? இரண்டாம் படியில் ஒரு காலை வைத்தது, அவ்வளவுதான். அந்தக் காலையும் இன்னொரு பக்கம் இழுத்தது சீமெந்து. கேணிக்குத் தண்ணீர் தந்த அதே சுண்ணக்கல்தான் சீமெந்துக்கும் மூலப்பொருள். 1950இல் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. கல்லை இங்கேயே வெட்டினார்கள், களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து கோச்சியில் வந்தது. ஊருக்கு வேலை வந்தது, சங்கு ஊதும் நேரத்துக்குத் தெருவில் சைக்கிள் நிறைந்தது. இதைக் குறையாகச் சொல்கிறவன் நானில்லை. அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள் இன்று உலகமெல்லாம் இருக்கிறார்கள். ஆனால் தூள் பறக்கும் புகைக்குழாய்க்குக் கீழே எவனும் சாய்மனைக் கதிரை போட்டுப் படுக்கமாட்டான். ஊர் தன்னைத் தொழில் ஊராகத் தீர்மானித்துக்கொண்டது. கல் வெட்டிய பெருங்குழிகள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன.

1990 யூனில் போர் மறுபடி மூள, எல்லாம் அறுந்தது. கோச்சி அந்த மாதம் நின்றது. தொழிற்சாலை நின்றது. வலிகாமம் வடக்கு என்ற இந்தப் பகுதிச் சனம் கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. கரையும் அதன் பின்னால் கிடந்த காணிகளும் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயம் ஆகின. நகுலேஸ்வரம் சிதைந்தது, ஏற்கெனவே 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மீண்டும் எழுந்த கோயில் அது. பட்லரின் கோட்டில் சரிவுக்கு இடம் இருக்கிறது. இப்படியொரு அறுப்புக்கு இடமில்லை. அந்தக் கோடு ஒரு விசயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது: விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுக்காரன் வீட்டில் இருப்பான் என்று. ஆகவே நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றுக்கு முன்னால் இன்னொன்றை எழுத வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஊரார் வேண்டும்.

இருபது வருசத்துக்கு மேல் அந்தக் கரையில் அமைதி இருந்தது. மயிலிட்டி போன்ற பெரிய மீன்பிடித்துறையில் ஒரு வள்ளம் இல்லை. கிணற்றுக்கட்டில் ஆலங்கன்று. கூரையில்லாத சுவருக்குள் பூவரசு. ஓய்வூர் விளம்பரங்கள் விற்கும் அமைதியும் அமைதிதான், இதுவும் அமைதிதான். புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். புதிதாய் வருகிறவர்கள் "என்ன அமைதியான இடம்" என்னும்போது எனக்கு வாயில் பதில் வராது.

2009இல் போர் முடிந்தபிறகு நடந்தவை வேகமாய் நடந்தன, நானும் வேகமாய்ச் சொல்லிவிடுகிறேன். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது; நயினாதீவுக்கும், பௌத்த பிக்குணி சங்கமித்தை வந்திறங்கியதாகச் சொல்லப்படும் சம்புத்துறைக்கும் போகிற வழியில் கீரிமலையில் இறங்கிக் குளித்தார்கள். காங்கேசன்துறைக் கடலோரம் இராணுவம் தல்செவன என்ற பெயரில் விடுதி நடத்தத் தொடங்கியது. சிங்களத்தில் பனை நிழல். ஊர்க்காரர் திரும்ப முன்னமே ஹோட்டல் வந்துவிட்ட ஊர் என்று இதைச் சொல்லலாம், பட்லருக்கு இதையும் யாராவது எழுதிப் போட்டால் நல்லது. காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன. மயிலிட்டித் துறை 2017 யூலையில் கிடைத்தது. சில பகுதிகள் இன்னும் கிடைக்கவில்லை. 2015 சனவரியில் கோச்சி மறுபடி காங்கேசன்துறைக்கு வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 யூனில் பெரிய உல்லாசக் கப்பலொன்று துறைக்கு வந்து போனது. அதே வருசம் ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் ஓடியது, கொஞ்ச நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. நாலு மணித்தியாலப் பயணம். என் அம்மம்மா இருந்திருந்தால், "இதென்ன புதுசு, எங்கட காலத்தில தோணியில போய்ச் சிதம்பரம் கும்பிட்டு வந்தவை" என்றிருப்பா.

காரணம், பாதை, தங்குமிடம் மூன்றும் இப்போது முன்னைவிட நன்றாக இருக்கின்றன. மச்சானின் கேள்வி அதனால்தான் சும்மா தள்ளக்கூடியதல்ல. கிழக்குக் கரைப் பாசிக்குடாவில் போருக்குப் பின் பெரிய விடுதிகள் வரிசையாக எழும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கேட்டான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

முடியும். ஆனால் மூன்று வித்தியாசங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். கீரிமலைப் பக்கத்துக் கரை கல்லுக் கரை. மணலில் படுத்துக் கடலுக்குள் உருள்வதற்கு ஏற்றதல்ல. அந்த மாதிரி மணல் வேண்டுமென்றால் காரைநகர்க் கசூரினாவுக்கோ வேலணைச் சாட்டிக்கோ போக வேண்டும். கசூரினாவில் கனதூரம் நடந்தாலும் தண்ணீர் ஆழமில்லை, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சொர்க்கம். அடுத்தது காற்று. ஐரோப்பாவில் பனி கொட்டுகிற, வெள்ளைக்காரர் வெயில் தேடிப் பறக்கிற மார்கழியில் இங்கே வாடைக் காற்று அடித்துக் கடல் கறுத்துக் குமுறும். கீரிமலைச் சுவருக்கு மேலால் அலை பாயும் காலம் அது. இந்தக் கரை கனிந்து கிடப்பது பங்குனி, சித்திரையில். பிறகு சனம் சேர்வது ஆடி, ஆவணியில், நல்லூர்க் கொடியேற்றத்தோடும் புலம்பெயர்ந்தவர்களின் பள்ளிக்கூட லீவோடும். அதாவது இந்தக் கரையின் பருவத்தை இன்னமும் தீர்மானிப்பது எங்கள் கலண்டர்தான்.

மூன்றாவது தண்ணீர், அந்த 1க்கு 40 கணக்கு. ஐம்பது அறை, ஒவ்வோர் அறைக்கும் ஷவர், நடுவில் நீச்சல்குளம், புல்தரை என்று ஒரு விடுதி வந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதே வில்லையிலிருந்து, அதுவும் அது மெலிந்து கிடக்கும் கரையோரத்தில் ஆழ்துளை போட்டு. பக்கத்துத் தோட்டக்காரரின் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அதே தண்ணீர்தான். போன தண்ணீர் மலக்குழியால் திரும்பி இறங்குவதும் அதே வெடிப்புக் கல்லுக்குள்தான். சுண்ணக்கல் வடிகட்டாது, குழாய்போல் கடத்தும். அதனால் இந்தக் கரைக்குப் பத்து மாடி விடுதியைவிட, பழையபடி அறை அறையாக வீடுகளில் தங்கவைக்கும் ஏற்பாடு பொருந்தும் என்பது என் எண்ணம். மாமி வீடுதான், இந்தமுறை பற்றுச்சீட்டோடு. பிரைட்டன் வீட்டுக்காரிகள் தொடங்கிய இடமும் அதுவே. மழைநீரைத் தொட்டியில் பிடிப்பது, கழிவுநீருக்கு முறையான சுத்திகரிப்பு, அமாவாசை நாளில் கேணி முழுதும் ஊருக்கு. இவை எழுதப்படாமல் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது.

மச்சானுக்கு இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டு காங்கேசன்துறை ஸ்ரேசனடிக்கு வந்தபோது பின்னேரமாகிவிட்டது. தண்டவாளம் முடிகிற இடத்தில் நின்று படம் எடுத்தான். எதிரே பெட்டிக்கடையில் ஓர் ஆச்சி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தா. அவன் சும்மா பேச்சுக்குக் கேட்டான்: "ஆச்சி, உங்கட வீடும் இங்கினைக்கையோ?"

"ஓம் மோனை." குவளையை வைத்துவிட்டுக் கையை நீட்டினா. "உந்தக் கம்பி வேலி தெரியுதே? அதுக்கு அங்கால ரெண்டு பனை. அதுக்குப் பின்னால." பிறகு அவனிடமே கேட்டா: "சீனி போடுறதோ?"